நமக்காகச் சிறை போன யூதர்

(சிவில் இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். என் மனதில் முதலில் வந்தவர்கள் எல்லோருக்கும் வருகிறவர்கள்தான். காமராஜர், பகத்சிங், கலாம் ஐயா... இவர்களைப் பற்றி எழுத நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போகிறவர் தமிழர் இல்லை, இந்தியரும் இல்லை. ஆனால் தமிழ்க் கூலித் தொழிலாளிகளுக்காகத் தன் சொத்தைக் கொடுத்து, சிறைக்கும் போனவர். இன்னொரு விசேஷம், அவர் நம்ம துறைக்காரர். கட்டடக் கலைஞர். தச்சு வேலையும் தெரிந்தவர். பெயர் ஹெர்மன் காலன்பாக்.

இவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ராத்திரி விடுதியில் கரண்ட் போய்விட்டது. உலகத்திலேயே பெரிய தலைவர் யார் என்று மொட்டை மாடியில் பேச்சு வந்தது. ஒரு நண்பன் ஹிட்லர் என்றான். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். ஆமாம் போட்டதில் நானும் ஒருவன். பத்தாம் வகுப்பு லீவில் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் ஹிட்லர் வரலாற்றை வாங்கிப் படித்தவன் நான். அந்தக் கடையில் கலாம் புத்தகத்துக்குப் பக்கத்தில், முன்னேறுவது எப்படி வகைப் புத்தகங்களோடு அதுவும் சேர்ந்து தொங்கும். ஏழை வீட்டுப் பையன், ஓவியம் வரைந்தான், பெரிய ஆளானான் என்ற மட்டும்தான் எனக்கு அதில் பிடிபட்டது. கொன்ற கணக்கு அந்தப் புத்தகத்தில் கடைசியில் அவசரமாக வரும். நானும் அவசரமாகத்தான் புரட்டினேன்.

பிறகு நூலகத்தில் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தேன். காலன்பாக் என்ற பெயர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் யார் என்று தேடியபோதுதான், நான் பாதி படித்துவிட்டு மூடி வைத்த கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டி வந்தது.

காலன்பாக் பிறந்தது 1871 மார்ச் 1. இன்றைய லிதுவேனியா நாட்டில், அன்றைய ஜெர்மானிய எல்லைக்கு ஒட்டினாற்போல் உள்ள ஒரு சின்ன ஊரைச் சேர்ந்த யூதக் குடும்பம். படிப்பு ஜெர்மனியில். ஸ்டுட்கார்ட், மியூனிக் நகரங்களில் கட்டடக் கலை பயின்றார். 1896-ல் தென்னாப்பிரிக்கா போனார். அப்போது அங்கே தங்கச் சுரங்கம் தோண்டத் தோண்ட ஜோகன்னஸ்பர்க் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. கட்டடம் கட்டத் தெரிந்தவனுக்குக் காசுக்குப் பஞ்சம் இல்லை. நல்ல உடற்பயிற்சி செய்த தேகம், கல்யாணம் ஆகாத தனியாள். வீட்டு வாடகை போக மாதம் 1,200 ரூபாய் தன் ஒருவருக்கு மட்டும் செலவு செய்தார் என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து 1,200 ரூபாய்!

காந்தியை ஒரு நண்பர் மூலம் தற்செயலாகச் சந்தித்தார். பேச்சு புத்தரில் ஆரம்பித்து எளிய வாழ்க்கையில் முடிந்ததாம். கொஞ்ச காலத்தில் அந்த 1,200 ரூபாய் 120 ரூபாய் ஆகிவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் கூரை வேய்ந்த ஒரு வீட்டைத் தானே வரைந்து கட்டினார். ஆப்பிரிக்கக் கிராமத்துக் குடிசை மாதிரி வட்ட வடிவ அறைகள். 1908-09-ல் காந்தியும் அவரும் அங்கே ஒன்றாகக் குடியிருந்தார்கள். அந்த வீடு இப்போது சத்தியாக்கிரக இல்லம் என்ற பெயரில் நினைவிடமாக இருக்கிறது. நம் டிராயிங் வகுப்பில் அந்தப் பிளானை ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அங்கிருந்த தமிழர்கள் நிலைமையை இங்கே சொல்லியாக வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள். நம்ம ஊரில் விடியக்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற சனங்கள் சாயந்திரம் திரும்பி வந்துவிடுவார்கள். அவர்கள் திரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் தலைவரி. டிரான்ஸ்வாலில் 1907-ஆம் வருஷச் சட்டப்படி ஆசியாக்காரன் ஒவ்வொருவனும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். 1913-ல் ஒரு நீதிபதி கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தாலி கட்டிய பெண்டாட்டி ஒரே நாளில் சட்டப்படி பெண்டாட்டி இல்லை! செய்த குற்றம் என்ன? பிறந்த பிறப்பு மட்டும்தான்.

காலன்பாக் வெள்ளைக்காரர். அவருக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. பேசாமல் கட்டடம் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் யூதர்களுக்கு இந்த மாதிரிச் சட்டம் புதிதில்லை. அவர் பிறந்த ரஷ்ய சாம்ராஜ்யத்தில் யூதன் எங்கே குடியிருக்கலாம், எங்கே குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டு வைத்திருந்தது. அடிக்கடி கலவரம், கொள்ளை, கொலை. இயேசுவைக் கொன்ற இனம் என்று நூற்றாண்டுக் கணக்காகப் பழி. (அந்தப் பழியை ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல்தான் அதிகாரபூர்வமாக மறுத்தது.) காந்திக்குத் தென்னாப்பிரிக்காவில் ரொம்ப நெருக்கமாக நின்ற வெள்ளையர்களில் மூன்று பேர் யூதர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காலன்பாக் ஒருவர். ஹென்றி போலக் இன்னொருவர். மூன்றாவது சோன்யா ஷ்லெசின். காலன்பாக்தான் அந்தப் பெண்ணைக் காந்தி அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். அப்போது 17 வயது சுமார். தலைவர்கள் எல்லாம் சிறைக்குப் போனபோது கணக்கு, கடிதம், பணம் அத்தனையையும் கவனித்துப் போராட்டத்தை நடத்தியது அந்தப் பெண். நம் வயதுதான் தோழர்களே!

1910 மே மாதம் காலன்பாக் ஒரு காரியம் செய்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, சிறை போனவர்களின் குடும்பங்கள் வாடகை இல்லாமல் தங்கக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆயிரம் பழ மரம் வரைக்கும் இருந்ததாம். இருக்க வீடுதான் இல்லை. தகர வீடுகளைக் கட்டும் வேலையைக் காலன்பாக்கே மேற்பார்த்தார். ஒரு வெள்ளைக்காரக் கொத்தனாரும், கூலி வாங்காத ஒரு குஜராத்தித் தச்சரும் துணை. மற்ற எடுபிடி வேலை எல்லாம் அங்கே இருந்தவர்களே செய்தார்கள். இரண்டு மாசத்தில் முடித்துவிட்டார்கள்.

பண்ணையில் சொந்த வேலையாக ஊருக்குப் போகிறவன் நடந்துதான் போக வேண்டும் என்று விதி. போக 21 மைல், வர 21 மைல். போடியிலிருந்து தேனிக்கு பஸ் தவறினால் நாம் போடுகிற சத்தத்தை நினைத்துப் பார்த்தேன்! செருப்புத் தைக்க ஆள் வேண்டுமே என்று காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவிகள் மடத்துக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்று வந்தார். காந்திக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தச்சு வேலை வகுப்பும் எடுத்தார். பிள்ளைகளில் பலர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் காந்தி.

பாம்புக் கதை ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. பண்ணையில் பாம்பு ஜாஸ்தி. நம்ம ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு அந்தப் பயம் தெரியும். காலன்பாக் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வாங்கிப் படித்தார். எது விஷம், எது விஷமில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரு பாம்பைப் பிடித்து வைத்துத் தன் கையாலேயே இரை கொடுத்துப் பழக்கினார். எல்லாப் பாம்பும் கொல்லும் என்று நினைத்து அடிப்பதைவிட, முதலில் தெரிந்துகொள்வது என்பது அவர் வழி. மனுஷங்க விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

1913-ல் போராட்டம் உச்சத்துக்குப் போனது. டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த பெண்கள் 11 பேர், அதில் 10 பேர் தமிழ்ப் பெண்கள், அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நியூகாசில் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசி வேலைநிறுத்தம் செய்ய வைத்தார்கள். அவர்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். அதே சமயம் தாயோடு சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் 16 வயதில் இறந்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் கால்நடையாக டிரான்ஸ்வால் எல்லைக்குப் புறப்பட்டார்கள். எல்லையூரான வோல்க்ஸ்ரஸ்டில் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு, இவர்கள் உள்ளே வந்தால் சுடுவோம் என்றார்கள். காலன்பாக் அந்தக் கூட்டத்துக்கே தனியாகப் போனார். ஒருவன் சண்டைக்குக் கூப்பிட்டான். அத்தனை பலம் இருந்தும் கை ஓங்காமல், வருகிறவர்கள் கேட்பது நியாயம் என்பதை மட்டும் பேசிவிட்டு வந்தார். கூட்டம் கலைந்தது. ஊர்வலத்தை யாரும் தொடவில்லை.

காந்தி, போலக், காலன்பாக் மூவரும் கைதானார்கள். வழக்கில் ஒரு வேடிக்கை. குற்றம் செய்தோம் என்று இவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் சாட்சி வேண்டுமாம். அதனால் காந்திக்கு எதிராகக் காலன்பாக்கும் போலக்கும் சாட்சி சொன்னார்கள், அவர்களுக்கு எதிராகக் காந்தி சாட்சி சொன்னார்! ஆளுக்கு மூன்று மாதம். டிசம்பர் 18-ல் விடுதலை. அடுத்த வருஷம் 3 பவுன் வரி ஒழிந்தது, நம் கல்யாணங்கள் செல்லுபடியாயின.

1914-ல் காந்தியோடு இந்தியாவுக்கே வந்துவிடுவது என்று காலன்பாக் கப்பலேறினார். கப்பலில் அவருடைய விலையுயர்ந்த பைனாகுலரை அவர் சம்மதத்தோடு காந்தி கடலில் எறிந்தது சத்திய சோதனையில் இருக்கிறது. லண்டன் சேர்வதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது. ஜெர்மன் பிரஜை என்பதால் இந்தியா வர பிரிட்டிஷ் அரசு அனுமதி கொடுக்கவில்லை. பிறகு எதிரி நாட்டான் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். காந்தி தனியாக வந்தார். 23 வருஷம் கழித்து, 1937-ல்தான் காலன்பாக் இந்திய மண்ணை மிதித்தார்.

அவர் வந்தது பழைய சிநேகத்துக்காக மட்டும் இல்லை. 1933-ல் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்திருந்தான். அந்த நாட்டில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் போரில் தோற்றதற்கும், வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும், விலைவாசிக்கும் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் காரணம் என்று தினம் தினம் சொல்லி ஜனங்களை நம்ப வைத்தார்கள். 1935-ல் சட்டம். தாத்தா பாட்டி நாலு பேரில் மூன்று பேர் யூதர் என்றால் நீ யூதன், உனக்குக் குடியுரிமை இல்லை, ஜெர்மானியரைக் கல்யாணம் செய்யக் கூடாது. 1938 ஜூலையில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபம் சொன்னார்கள், கதவைப் பெரும்பாலும் யாரும் திறக்கவில்லை. அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி இரவு நூற்றுக்கணக்கான யூத ஜெப ஆலயங்களை எரித்தார்கள், கடைகளை உடைத்தார்கள், சுமார் 30,000 ஆண்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எங்கள் ஊர்க்கதை ஒன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வந்தபோது எனக்கு ஐந்து வயது. மலைமேல் இடுக்கி தோட்டங்களில் இருந்த தமிழ்ச் சனங்கள் அடிக்குப் பயந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்கி வந்தார்கள். வந்தவர்களில் எங்கம்மாவும் உண்டு. அணையைக் கட்டினவளா நான், அதன் பூட்டு எங்கிட்டயா இருக்கு என்று எங்கம்மா இப்பவும் கேட்கும். அதே வாரத்தில் இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளை நம்மாட்கள் அடித்து நொறுக்கினார்கள். டீ ஆற்றுகிறவனுக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்? அது சில வாரத்தில் அடங்கிவிட்டது. சனங்கள் திரும்ப ஜீப் ஏறினார்கள். ஜெர்மனியில் நடந்ததோடு இதை ஒப்பிடவே முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் எவனோ செய்ததற்குப் பிறப்பைப் பார்த்து அடிப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது எங்கம்மா சொல்லித்தான். ஜெர்மனியில் அது அடங்கவில்லை. அரசாங்கமே நடத்தியதால் பெருகிக்கொண்டே போனது.

1938 நவம்பர் கடைசியில் காந்தியடிகள் ஹரிஜன் பத்திரிகையில் யூதர்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு நடப்பது சரித்திரத்தில் இல்லாத கொடுமை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தென்னாப்பிரிக்காவில் நம்மவர் செய்தது போல அவர்களும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றார். பாலஸ்தீனத்தில் அரபு மக்களின் சம்மதம் இல்லாமல் யூதர்கள் குடியேறுவது நியாயமில்லை என்றும் எழுதினார். காலன்பாக்கோ யூதர்களுக்கு அங்கே ஒரு தாயகம் வேண்டும் என்று நம்பியவர். காந்தியின் ஆதரவைக் கேட்கத்தான் 1937-ல் வந்தார். கிடைக்கவில்லை.

1939 தொடக்கத்தில் மறுபடியும் வந்து ஆசிரமத்தில் தங்கினார். மலேரியா வந்து படுத்தார். அஹிம்சையில் அவருக்கு நம்பிக்கை போகவில்லை. ஆனால் ஹிட்லருக்காகப் பிரார்த்தனை செய்ய மட்டும் தன்னால் முடியாது என்று நண்பரிடம் சொல்லிவிட்டார். காந்தி அதை மறைக்கவில்லை. தன்னோடு தங்கியிருக்கும் யூத நண்பரின் கோபத்தைத் தான் குறை சொல்லவில்லை என்று பத்திரிகையிலேயே எழுதினார். காந்தி சொன்ன வழியில் சிறைக்கே போன மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாட்டேன் என்றார் என்றால், அவர் என்னத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்! காந்தியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இதில் காலன்பாக் பக்கம்தான் என் மனசு சாய்கிறது. வோல்க்ஸ்ரஸ்ட் நீதிபதி சாட்சி கேட்டார். ஹிட்லரின் ஆட்கள் எதுவும் கேட்கவில்லை.

1941-ல் ஜெர்மன் படை லிதுவேனியாவுக்குள் புகுந்தது. அங்கிருந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்களை முகாமுக்குக்கூடக் கொண்டு போகவில்லை, ஊருக்கு வெளியே குழி வெட்டிச் சுட்டார்கள். காலன்பாக் குடும்பத்து ஊரும் தப்பவில்லை. ஐரோப்பா முழுதும் சேர்த்து 60 லட்சம் பேர். அதில் 10 லட்சத்துக்கு மேல் குழந்தைகள். நான் அவசரமாகப் புரட்டிய பக்கம் இதுதான்.

இதெல்லாம் எங்கோ, எப்போதோ என்று சிலர் சொல்லலாம். கொச்சிக்குச் சுற்றுலா போனவர்கள் மட்டாஞ்சேரியில் யூதத் தெருவைப் பார்த்திருப்பீர்கள். மிளகும் ஏலக்காயும் மணக்கிற கடைகளுக்கு நடுவே 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் நிற்கிறது. நம் நாட்டு ராஜாக்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள், அது நமக்குப் பெருமை. ஆனால் 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் தாஜ் ஓட்டலோடு நரிமன் இல்லம் என்ற சின்ன யூத விடுதியையும் தேடிப் போனார்கள். அங்கிருந்த மதகுருவையும் மனைவியையும் சேர்த்து 6 பேரைக் கொன்றார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தவர், அந்த வீட்டில் வேலை பார்த்த சாண்ட்ரா சாமுவேல் என்ற இந்தியப் பெண். அந்தக் குழந்தையை எந்த அரசாங்கத்தின் எந்தச் செயலுக்குப் பொறுப்பாக்க முடியும்?

இஸ்ரேல் அரசாங்கம் செய்வது தப்பு என்று ஒருவன் சொன்னால் அது அவன் அபிப்பிராயம், வாதம் செய்யலாம். காஸாவில் சாகிற குழந்தைகளுக்காக அழுதால் அது மனுஷத்தனம். ஆனால் போனில் வருகிற படத்தைப் பார்த்துவிட்டு, ஹிட்லர் வேலையை முடிக்காமல் போய்விட்டான் என்று ஒருவன் சொன்னபோது விடுதியில் சிரித்தார்கள். முன்னே என்றால் நானும் சிரித்திருப்பேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. காலன்பாக் கதையைச் சொன்னேன். பாதியில் ரெண்டு பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் கேட்டார்கள். அந்த மொட்டை மாடி நண்பன் கடைசிவரை இருந்து, டால்ஸ்டாய் பண்ணையில் தகரக் கொட்டகைக்கு அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அவனும் சிவில்தான்!

காலன்பாக் 1945 மார்ச் 25-ல் ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அவருடைய அஸ்தி பாலஸ்தீனத்தில் டெகானியா என்ற கூட்டுப் பண்ணையில் வைக்கப்பட்டது. லிதுவேனியாவில் ருஸ்னே என்ற ஆற்றங்கரை ஊரில் 2015 அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு வெண்கலச் சிலை திறந்தார்கள். காந்தியும் காலன்பாக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.